மாப்பிள்ளை தூங்குகிறார்

அந்தச் சலவைக்கூடத்தில் பதினாலு பேர் வேலை செய்தார்கள். பதினாலு பேரும் அவரை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியம்மாவுக்கு மாப்பிள்ளை என்றால் துணி பிழிகிறவனுக்கும் மாப்பிள்ளையா என்று அவர் ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. போயிருந்தாலும் யார் காதில் விழப்போகிறது?

ஆனால் முதலாளியம்மா, அதாவது அவருடைய மாமியார், அந்த வார்த்தையைச் சொல்லுகிற அழகே தனி. மரியாதையில் ஒரு குன்றிமணி குறையாது. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க எல்லாம் வரிசையாக வந்துவிடும். கேட்டு முடித்த மனுஷனுக்குத்தான் தான் இரண்டு அங்குலம் குள்ளமாகிவிட்டோமோ என்று சந்தேகம் வரும்.

மாமியாரையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான பதினோரு வருஷத்தில் மாப்பிள்ளை ஆரம்பித்த காரியங்கள் எக்கச்சக்கம், முடித்தவை எத்தனை என்று கேட்காமல் இருப்பது நல்லது. துணி மடிக்கும் இயந்திரம் ஒன்று செய்தார். அது முதல் நாளே ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டை மடித்தது. வக்கீல் அதைப் பிரிக்க இன்னொரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் மழைத்தண்ணீரைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு தொட்டி கட்டினார். இன்றைக்கும் அதில் தவளைகள் சுகமாக இருக்கின்றன. "மாப்பிள்ளைக்கு மூளை ஜாஸ்தி. அதான் ஒரு இடத்துல தங்க மாட்டேங்குது" என்பார் மாமியார், வந்தவர் போனவரிடமெல்லாம்.

இப்படிப்பட்ட மனுஷர் கையில் மர எண்ணெய் வந்து சேர்ந்தது.

சலவைக்கூடத்தின் பழைய விறகுக் கொதிகலன் மூன்று இடத்தில் ஒழுகி, சோதிக்க வந்த அதிகாரி அதைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார். வெந்நீர் இல்லாமல் சலவைக்கூடம் ஏது? வாசலில் கேஸ் கொதிகலன் விற்கிறவர் வந்து நின்றார். அதே நேரம் மாப்பிள்ளையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து நின்றார்.

பின்தெருவில் மரச்சாமான் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே மலையாகக் குவிந்த மரத்தூளை மூடிய இரும்பு உருளைக்குள் காற்றுப் புகாமல் சுட வைத்து, கிளம்புகிற புகையைக் குளிர வைத்து, சொட்டுச் சொட்டாக ஒரு திரவம் இறக்கினார்கள். பெயர்தான் எண்ணெய். பார்த்தால் கறுப்புக் காபி, முகர்ந்தால் வினிகரில் நனைத்த கரிக்கட்டை. உடைத்துப் போட்ட படகு ஒன்றிலிருந்து மாப்பிள்ளை ஒரு மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினை வாங்கி வந்து, அதில் இந்த எண்ணெயை ஊற்றி ஓட வைத்தார். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், துவைக்கிற இயந்திரங்களுக்குக் கரண்ட் வந்துவிடும். எஞ்சினின் சூடும் புகைக்குழாயின் சூடும் தொட்டித் தண்ணீருக்குப் போகும், வெந்நீரும் வந்துவிடும். பேச்சுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! அந்த எண்ணெயின் புளிப்பு இருபது நாளில் இரும்புத் தொட்டியைச் சல்லடையாக்கியது. துருப்பிடிக்காத பாத்திரம் வேண்டுமென்று மாப்பிள்ளை மாமியாரின் பெரிய ஸ்டீல் அண்டாவைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி வந்தார். அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த எண்ணெய்க்கு இருந்த முறுக்கு புது மாப்பிள்ளைக்குக்கூட இருக்காது. ஆறிப்போனால் குழாயில் இறங்காது, அதிகம் சூடானால் திரிந்து போகும். காலையில் எடுத்தவுடன் அதில் எஞ்சின் ஓடாது. முதலில் கால் மணி நேரம் டீசலில் ஓட்டி, எஞ்சின் சூடேறிய பிறகு, பின்பக்கமிருக்கும் வால்வைத் திருப்பி மர எண்ணெயை உள்ளே விட வேண்டும். நிறுத்துகிறபோதும் அப்படித்தான். வால்வைத் திரும்ப டீசலுக்கு மாற்றி, பத்து நிமிஷம் ஓட்டி, எண்ணெயைத் தெளிக்கிற நாசில்களில் மர எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் முன்பக்கத்துச் சிவப்புக் குமிழை இழுக்க வேண்டும். எண்ணெய் உள்ளே இருக்கும்போதே நிறுத்தினால், சூட்டில் அது பிசினாகி நாசில் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் மாப்பிள்ளைக்கு மட்டுமே தெரியும். அவர் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தினமும் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் எல்லோரும் எஞ்சின் அறை வாசலில் வந்து நிற்பார்கள். மாப்பிள்ளை பெரிய மந்திரவாதி கணக்காகச் சிவப்புக் குமிழை இழுப்பார், எஞ்சின் அடங்கும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அவர் பின்பக்கம் குனிந்து வால்வைத் திருப்பியதை ஒருத்தரும் பார்த்ததில்லை.

மாமியாரின் நிபந்தனை இதுதான். "ஏழு நாள் பாக்குறேன் மாப்பிள்ளை. வேலை நேரத்துல ஒரே ஒரு தடவை நின்னாலும் அன்னைக்கே கேஸ்காரர் தாள்ல கையெழுத்துப் போட்டுடுவேன். எஞ்சின் பழைய இரும்புக்குப் போகும். நீங்க நம்ம டெலிவரி வண்டியை ஓட்டுங்க. அதுவும் எஞ்சின்தானே?"

"ஏழு நாளும் நிக்காது அத்தை" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். இஸ்திரி உருளைகளின் பொறுப்பு முழுவதும் அவள் கையில். பதினோரு வருஷமாக அம்மாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று பழகியவள், வழக்கம்போல விட்டத்தைப் பார்த்தாள்.

ஆறு நாள் ஓடியது ஐயா, ஓடியே விட்டது! தினமும் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வந்து, எண்ணெயை வடிகட்டி, சூடு பார்த்து, காது வைத்துக் கேட்டு, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஆறு நாள் தொடர்ந்து ஓடிய முதல் பொருள் அது. ராத்திரி தூக்கத்தில் சிரிக்கிறார் என்று மனைவி சொன்னாள்.

ஏழாம் நாள். மருத்துவமனையின் நானூறு படுக்கை விரிப்புகள் ஐந்து மணிக்குள் துவைத்து, உலர்த்தி, மடித்து நிற்க வேண்டும். கேஸ்காரர் காலையிலேயே கோப்பும் கையுமாக வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். மூன்று தேநீர் குடித்தும் அந்தப் பக்கத்தைவிட்டு அவர் நகரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை எண்ணெயின் சூட்டைப் பார்த்தார், தண்ணீரின் சூட்டைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. இனி ஐந்தே மணி நேரம். ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஏழு நாள் சேர்ந்த தூக்கம் ஒரேயடியாக வந்து கண்ணில் உட்கார்ந்தது. எஞ்சின் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தாலாட்டு.

அவரை எழுப்பியது அமைதிதான்.

கண்ணைத் திறந்தார். எங்கும் சத்தமே இல்லை. எதிரே சலவைக்கூடமே திரண்டு நின்றது. பதினாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கேஸ்காரர்கூடத் தலையைக் குனிந்து நின்றார்.

'சரி, போய்ச் சேர்ந்துட்டோம்' என்று நினைத்தார் மாப்பிள்ளை. 'இந்த வயசிலேயா? போகட்டும், எஞ்சினாவது ஓடுதா?'

அந்த எண்ணம் வந்த பிறகுதான் சத்தம் ஏன் இல்லை என்று அவருக்கு உறைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன ஆச்சு? எப்ப நின்னுச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுதுங்க" என்றாள் மனைவி, பாதி அழுகையில். "உருளை எல்லாம் நின்னதும் ஓடி வந்தேன். அம்மா எழுப்பவே விடல. வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவங்களை எல்லாம், 'உஷ், மாப்பிள்ளை தூங்குறார், மாப்பிள்ளை தூங்குறார்'னு..."

"தானாவே நின்னுடுச்சு போல" என்றார் கேஸ்காரர். துக்கம் விசாரிக்கிற குரல்தான். வாயெல்லாம் பல்.

மாப்பிள்ளை எஞ்சினைப் பார்த்தார். சிவப்புக் குமிழ் முழுசாக வெளியே இழுபட்டு நின்றது. தானாக நிற்கிற எஞ்சின் குமிழை இழுத்து வைத்துவிட்டு நிற்குமா? குமிழுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் மேல், வீட்டுச் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. அதைக் கொண்டு வந்தவர் அறையின் மூலையில் நின்றார். தன் சொந்தச் சலவைக்கூடத்தில் மாமியார் மூலையில் நிற்பதை மாப்பிள்ளை அன்றுதான் பார்த்தார். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

புரிந்துவிட்டது. சாப்பாடு கொண்டு வந்தவர், மாப்பிள்ளை தூங்குவதைப் பார்த்திருக்கிறார். இந்தச் சத்தத்தில் மனுஷன் எப்படித் தூங்குவான் என்று நினைத்து, தினமும் ஐந்து மணிக்குப் பார்த்ததுபோலவே இழுத்து நிறுத்திவிட்டார். மின்விசிறியை நிறுத்துவதுபோல!

ஐயோ, அப்போது மாப்பிள்ளையின் வயிறு எரிந்த எரிச்சலுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் கொதித்திருக்கும். ஒரு வார்த்தை போதும். 'இந்தக் குமிழைப் பாருங்க' என்று கையை நீட்டினால் போதும், பதினோரு வருஷத்துக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மாமியாரைப் பார்த்தார். வேலையாட்கள் பதினாலு பேர், கேஸ்காரர், பெற்ற மகள், அத்தனை பேர் முன்னால் அந்த அம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகப் போய்விட்டது. என்ன செய்வது, மனுஷருக்கு மனசு அப்படி அமைந்துவிட்டது.

எஞ்சினைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி குனிந்து, உள்ளங்கையால் சிவப்புக் குமிழை மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மாமியார் கண்ணைத் தவிர.

"நான் தூங்கியிருக்கக் கூடாது. என் தப்புதான்" என்றார் மாப்பிள்ளை. "எல்லாரும் போங்க. ஓட வெக்கிறேன்."

ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் கர்ர் என்று உறுமி, இரண்டு தரம் இருமி, அடங்கியது. மறுபடி அழுத்தினார், இருமல்கூட வரவில்லை. பயந்தது நடந்துவிட்டது. மூன்று நாசில்களையும் கழற்றினார். நுனியில் கறுப்பாகப் பிசின் கெட்டிப்பட்டிருந்தது. அதில் இருக்கிற துளைகள் தலைமுடி கனம். ஒரு கிண்ணம் டீசலில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். பிசின் அசையவில்லை. மர எண்ணெய்க்கும் டீசலுக்கும் ஜென்மத்துக்கும் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இதற்கு ஸ்பிரிட் வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிட் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், மாமியாரின் கறை அலமாரி. மைக்கறை எடுக்க அவர் ஸ்பூனால் அளந்து ஊற்றுவார். ஒருமுறை கூடுதலாக அரை ஸ்பூன் கேட்டவள் மூன்று மாதம் பேச்சு வாங்கினாள். ஆகவே மாப்பிள்ளை மறுபடியும் டீசலிலேயே தேய்த்தார்.

யாரோ வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தால் மாமியார். ஒரு நாசிலை எடுத்து, மூக்கருகில் வைத்து முகர்ந்தார். நாற்பது வருஷமாகக் கறைகளை முகர்ந்தே இனம் பிரிக்கிற மூக்கு.

"மரக்கறை. டீசல்ல எந்தக் காலத்துல போகும்?" என்றார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் முழுசாக ஒரு ஸ்பிரிட் பாட்டில், இன்னொரு கையில் பீங்கான் தட்டும் மெல்லிய பிரஷும் இருந்தன. ஸ்பூன் இல்லை. மளமளவென்று தட்டில் ஊற்றினார். வாசலில் எட்டிப் பார்த்த துணி பிழிகிறவர் அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் ஓடிப்போய் மற்றவர்களிடம் சொன்னார்.

மாப்பிள்ளை ஒரு கம்பியை எடுத்து நாசில் துளையில் குத்தப் போனார். படாரென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"குத்தாதீங்க! ஓட்டை பெருசாயிடாதா?"

"ஆயிடும் அத்தை."

"தெரியுதுல்ல? ஊறட்டும். கறைகிட்ட அவசரப்பட்டா துணி போயிடும்."

ஊறட்டும் என்று காத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை! வெளியே முந்நூறு விரிப்புகள் ஈரமாகக் கிடந்தன. மணி ஒன்றரை. மாமியார் ஒரு நாசிலை எடுப்பார், பிரஷால் ஒற்றுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், திரும்பத் தட்டில் வைப்பார். பழுப்பு நிறம் மெல்ல மெல்ல ஸ்பிரிட்டில் இறங்கியது. ஒருமுறை அவர் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை, அந்தக் குமிழு..." அதற்குள் கேஸ்காரர் தலையை நீட்டி, "ஆகுதுங்களா? நான் வேணா தாளை எடுத்து வெக்கட்டுமா?" என்றார். மாமியார் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டேகாலுக்கு மூன்று நாசில்களும் பளிச்சென்று வந்தன. ஊதிப் பார்த்தால் அத்தனை துளையிலும் காற்று வந்தது. மாட்டி, வால்வை டீசலுக்குத் திருப்பி, ஸ்டார்ட்டரை அழுத்தினார் மாப்பிள்ளை. எஞ்சின் கர்ர் என்றது, இருமியது, ஒரு குவியல் வெள்ளைப் புகையைக் கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் இஸ்திரிப் பக்கத்திலிருந்து எழுந்த கூச்சல் இருக்கிறதே, அதில் அவர் மனைவியின் குரல்தான் உயரத்தில் கேட்டது.

அப்புறம் அந்தச் சலவைக்கூடத்தில் நடந்தது வேலை இல்லை, போர். வெந்நீர் எழுபது டிகிரிக்கு ஏறியது. துவைக்கிறவர் பிழிய ஓடினார், பிழிகிறவர் மடிக்க ஓடினார், கணக்கெழுதுகிறவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துணியைத் தொட்டார். கேஸ்காரர் கையிலும் யாரோ ஒரு விரிப்பின் முனையைக் கொடுத்துவிட்டார்கள். மனுஷர் என்ன ஏது என்று புரியாமலே அறுபது விரிப்பு மடித்தார், நன்றாகவும் மடித்தார். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது நானூறாவது விரிப்பும் மூட்டையில் ஏறியது. மருத்துவமனை வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டு போனது.

எல்லோரும் அப்படி அப்படியே உட்கார்ந்தார்கள். கேஸ்காரர் மட்டும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோப்பிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வேலை முடிஞ்சது, சந்தோஷம். ஆனா பேச்சுன்னா பேச்சுதானேங்க? வேலை நேரத்துல நின்னுச்சு. எல்லாரும் பாத்தோம். ஒரு தடவை நின்னாலும் கையெழுத்துன்னு நீங்கதான் சொன்னீங்க."

மாப்பிள்ளை எஞ்சின் அறையின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகால் எல்லாம் புகை நாற்றம். 'சரி, வண்டியும் எஞ்சின்தானே' என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார், மனசு ஒப்பவில்லை. அந்த எஞ்சினை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதை உடைத்து எடை போடுவார்கள் என்று நினைத்தபோது வெட்கத்தைவிட்டு அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மாமியார் மேஜை அருகே வந்தார். பேனாவை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"எஞ்சின் நிக்கல" என்றார்.

"என்னங்க இது! பதினாலு பேரு..."

"எஞ்சின் நிக்கலன்னு சொல்றேன்ல? நான் நிறுத்தினேன்."

வியர்வை துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அந்த அம்மாள் தன் தப்பைத் தன் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் அந்தக் கூடத்தில் ஒருத்தரும் இல்லை. பெற்ற மகள் உட்பட.

"சாப்பாடு குடுக்கப் போனேன். அசந்து தூங்கிட்டிருந்தார். ஏழு நாளா அந்த மனுஷன் தூங்கல, எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருக்கட்டுமேன்னு இழுத்துட்டேன். நின்னா அது பிசின் புடிச்சிக்கும்னு எனக்கு யாரு சொன்னா? அப்புறம் நீங்கள்லாம் வந்து, நின்னுடுச்சு நின்னுடுச்சுன்னு ஆரம்பிச்சதும் எனக்கு வாய் வரல." மூச்சு வாங்கினார். "எனக்கு வாய் வரல, அதுகூடப் பரவாயில்ல. அவருக்குத் தெரியும். குமிழைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல. தன் தலையில போட்டுக்கிட்டார். நாலு மணி நேரமா அது என்னை அரிக்குது."

தாளை எடுத்து நாலாக மடித்து, கேஸ்காரர் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார். "நல்லா மடிக்கிறீங்க. கேஸ் விக்கிறது சலிச்சுப் போச்சுன்னா வாங்க, வேலை தர்றேன்."

கேஸ்காரர் போனார். மனைவி அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மாப்பிள்ளை மட்டும் நிலையைப் பிடித்தபடியே நின்றார். இப்படி ஒருநாள் வந்தால் மாமியாரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பதினோரு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். குத்தலாக நாலு, இடக்காக நாலு. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

மாமியார் அவர் பக்கம் வந்து நின்றார்.

"நாளைக்கு அந்தத் தியேட்டர்த் திரை வருது. கனத்த துணி, பத்து வருஷத்து அழுக்கு. எண்பது டிகிரிக்குக் கொறைஞ்சா அசையாது. உங்க எஞ்சினால முடியுமா மாப்பிள்ளை?"

அந்த "மாப்பிள்ளை" காதில் விழுந்தபோது அவர் உயரம் ஒரு அங்குலமும் குறையவில்லை.

"முடியும் அத்தை" என்றார். சொல்லிவிட்டுத்தான், எண்பது டிகிரிக்கு எப்படி ஏற்றுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.